பட்டியலில் இரண்டு சொற்கள்

மார்ச் 3, 07:10
நிலவின் தென்முனை நிலையம். காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. எழுதுவது தில்லைநாயகி, நிரல் பொறியாளர். இங்கே கதவு, காற்று, பயணம் எல்லாம் ஆளின் பெயரில்தான் இயங்கும். நிரல்மொழி தனக்கென ஒதுக்கிய சொற்களை மட்டும் பெயராக ஏற்காது. அந்தப் பட்டியலில் சொல் சேர்ப்பது என் வேலை. சேர்த்ததை எடுக்க முடியாது. எடுத்தால் பழைய நிரல்கள் உடையும்.

மார்ச் 4, 09:30
நிலத்தடிப் பனியைக் கண்டுபிடித்தது நான் என்று அறிக்கையில் எழுதினேன். பூமியிலிருந்து இயக்குநர் அனந்தசயனம் பட்டியலுக்கு ஒரு புதுச் சொல் அனுப்பினார். என் பெயர்.

"எதிர்காலத் தேவைக்காக ஒதுக்குறோம்மா. தனிப்பட்ட விஷயம் ஒண்ணுமில்ல. பேருக்குப் பின்னால ஒரு அடிக்கோடு போட்டுக்கோங்க, பழகிடும்."

உத்தரவு. சேர்த்தேன். அறிக்கை என் பெயரைத் துப்பியது. காலியான இடத்தில் அவர் பெயர் கச்சிதமாக உட்கார்ந்தது.

மார்ச் 19, 16:00
மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். இங்குள்ள கதவுகள் அடிக்கோட்டை ஏற்கின்றன. பூமிக்குப் போகும் எதுவும் ஏற்பதில்லை. கப்பலில் பயணிகள் பெயரைப் பதியும் செபாஸ்தியான் அழுதான்: "அக்கா, உங்க பேரை அடிச்சா ஏறமாட்டேங்குது. வேற பேர் போடட்டுமா?" வேறு பெயருக்கு என் கைரேகை பொருந்தாது.

ஜூன் 2, 11:20
பனி மாதிரியை எடுத்துப்போக அனந்தசயனம் வருகிறார். விருது விழாவாம். தனியாக வருகிறார்; பாராட்டைப் பங்கிட அவருக்குப் பழக்கமில்லை. குடிநீர் சரி. பட்டியலில் இரண்டு சொற்கள் சேர்த்தேன்.

ஜூன் 5, 14:05
தரையிறங்கியதும் அவர் கலம் நிலையத்தின் பட்டியலைப் படித்துக்கொண்டது. எல்லாக் கதவுக்கும் ஒரே மொழி, அவர் போட்ட உத்தரவு. வெளியே வந்தார். பின்னால் கலத்தின் கதவு மூடியது. முன்னால் நிலையத்தின் கதவு திறக்கவில்லை.

"தில்லைநாயகி, ரெண்டு கதவும் என்னை ஏத்துக்கலையே?"

"எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கியிருக்கோம் சார். தனிப்பட்ட விஷயம் ஒண்ணுமில்ல."

14:40
"அடிக்கோடு போட்டும் பாத்துட்டேன்மா!"

"அதுதான் சார் ரெண்டாவது சொல்."

15:30
"அம்மா, விருதுல உங்க பேரையே போடச் சொல்றேன்."

"ஏறாது சார்."

17:15
மரணப் பதிவில் அவர் பெயரை அடித்தேன். ஒதுக்கிய சொல், ஏற்கவில்லை. ஆகவே இங்கே யாரும் இறக்கவில்லை.

அவர் கலத்தில் ஒரு இருக்கை காலி. என் பெயரை அடித்தேன். மறுபடி அடித்தேன்.

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. பூமிக்கு இன்றைய ஆள்கணக்கு: யாருமில்லை.