கீச்சென்ற சத்தமும் அப்பாவின் காதும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். பதறாமல் படி, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. போன வியாழக்கிழமை நம் கார் பள்ளிக்கூடத்து இறக்கத்தில் நிற்காமல் ஓடி, முன்னால் நின்ற ரொட்டி வேனுக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூன்று மாதமாகவே பிரேக்கை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம். காலை ஈரத்தில் நாலு மிதி கத்திவிட்டு அடங்கினால் கவலையில்லை, இது நாள் முழுக்கக் கத்தியது. நான் சொன்னால் அப்பா, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, உன் காதுலதான் வண்டு பூந்திருக்கு" என்பார். நானும் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். பிறகு அது கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது, பெடலில் கால் அதிர்ந்தது. அப்போதுதான் அவருக்கே தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை காட்டலாம் என்றார். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

ஒர்க்ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடில் ஒன்றுமே மிச்சமில்லை, வெறும் இரும்பு. இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கெல்லாம் வரி வரியாகப் பள்ளம். மெக்கானிக் அப்பாவைப் பார்த்து, "பேடு தேஞ்சா கத்தணும்னே அதுல ஒரு தகடு இருக்கு சார். மாசக்கணக்கா கத்தியிருக்குமே, கேக்கலையா?" என்றார். அந்த நேரம் வாசலில் ஒரு வண்டி அதே மாதிரி கீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. "இதோ, இதே சத்தம்தான்" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்பா மட்டும், எந்தச் சத்தம் என்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெக்கானிக் தலையைத் தாழ்த்திக்கொண்டு நட்டு முடுக்கப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில் அப்பா மெதுவாக, "போன வாரம் போன்ல பொண்ணு என்னமோ சொன்னா. பாதி கேக்கல. திரும்பக் கேக்க வெக்கமா இருந்துச்சு, நல்லதும்மான்னு சொல்லி வெச்சுட்டேன். என்ன சொன்னா?" என்றார். வேலை போய்விட்டது என்று அழுதால் நல்லதும்மா என்கிறாரே, அப்பாவுக்கு என் மேல் பாசமே இல்லையா என்று நீ எழுதியிருந்தாயே, அதுதான் நடந்தது. அவளே மறுபடி சொல்வாள் என்றேன். நீயே இன்னொரு தரம் சொல். கத்தாதே, நிதானமாக, கீச்சுக்குரல் இல்லாமல் கனத்த குரலில் சொல், அப்படிச் சொன்னால் அவருக்குக் கேட்கிறது. செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகிறோம்.

உன் வண்டியும் கத்துகிறது, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்றாயே, முதலில் அதை அணை. இந்த வாரமே காட்டு. அரைக்கிற சத்தம் கேட்டால் ஓட்டவே ஓட்டாதே. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு, சீக்கிரமே வேறு வேலை அமையட்டும். சாயங்காலம் ஆனால் அப்பா போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா