முதுகில் ஆறாம் இலக்கம்

மஹய்யாவ, கண்டி
2024 நவம்பர் 2

இந்த வருடம் முறுக்குக் கிடைக்காத என் பாவப்பட்ட ஷிராணிக்கு,

பதினொன்றாம் இலக்க வேட்பாளர் சந்திரபோஸின் ஒரே மகள் தர்ஷிகா எழுதுவது. என் போனை அப்பா தேர்தல் வேலைக்கு என்று வாங்கிக்கொண்டார். அதனால் நாவலப்பிட்டி பஸ் கண்டக்டர் சதீஸ் அண்ணன்தான் இனி நமக்குத் தபால்காரர்.

நீங்கள் வராத முதல் தீபாவளி இது. அம்மா உங்களுக்கும் சேர்த்துச் சுட்டுவிட்டு, டின்னை மூடி அலுமாரி மேலே வைத்துவிட்டார். ஏறி எடுத்துத் தின்பது நான்தான்.

நம் அப்பாமார் இருவரும் ஒரே சுயேச்சைக் குழு, ஒரே சின்னம், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். வாக்குச்சீட்டில் கேத்தலுக்குப் புள்ளடி போடுபவர் அதே குழுவில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். உன் அப்பா லியோன் மாமாவுக்கு ஆறு, எங்கள் அப்பாவுக்குப் பதினொன்று, போகிற இடமெல்லாம் இரண்டையும் சேர்த்துக் கேட்பது என்றுதானே பேச்சு? நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மாமா, "ஆறுக்கு மட்டும் போடுங்க, மத்தது வேணாம்" என்றாராம். அன்றிலிருந்து இங்கே விருப்பு வாக்கு வெறுப்பு வாக்காகிவிட்டது.

நேற்று அப்பா வீடு வீடாகக் கிளம்பினார். தட்டிக்கொடுப்பதுபோல அவர் முதுகில் மாமாவின் ஆறாம் இலக்க ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். முன்பக்கம் பதினொன்றுக்குக் கும்பிட்டார், பின்பக்கம் ஆறுக்கு வாக்குக் கேட்டார். சாயங்காலம் வந்தபோது முதுகு வெறுமையாக இருந்தது. என்னை ஏசவும் இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கும்.

டிசம்பரில் உங்கள் நத்தார்ப் பண்டிகைக்காவது நாங்கள் அங்கே வருவோமா, கேட்டுச் சொல்.

கேத்தலைவிடக் கொதிக்கும்
தர்ஷிகா


நாவலப்பிட்டி
நவம்பர் 7

குரங்குச் சேட்டைக்காரி தர்ஷிகாவுக்கு,

ஸ்டிக்கர் கதையை வாசித்துச் சிரித்தேன். சத்தமாகச் சிரிக்கத்தான் இங்கே வழியில்லை. அப்பாவிடம் உங்கள் வீட்டுப் பெயரை எடுக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒருவர், "எங்க உங்க போஸைக் காணோம்?" என்று கேட்டார். அப்பா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

நத்தார் கேக்குக்குப் பழம் ஊறப்போட அம்மா எத்தனை பேர் என்று கேட்டார். "நாம மட்டும்தான்" என்றார் அப்பா. அம்மா பாதி அளவுதான் போட்டார். இதைவிட என்ன சொல்ல?

இனிமேல் யார் முதுகிலும் எதையும் ஒட்டாதே.

அன்பு மாறாத
ஷிராணி


மஹய்யாவ
நவம்பர் 17

தோற்ற வேட்பாளர் மகளுக்கு இன்னொரு தோற்ற வேட்பாளர் மகள் எழுதுவது,

கேத்தலில் தண்ணீர் சுடவே இல்லையே. வாக்கும் போச்சு, கட்டுப்பணமும் போச்சு, வாக்குவாதம் மட்டும்தான் மிச்சம்.

நேற்று அப்பா வாசலில் உட்கார்ந்து போஸ்டர் பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், மூன்று விருப்பு வாக்கையும் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணு, லியோனுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்கும் போடல."

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

"நீ ஒட்டுனதும் தெரியும்டி," என்றார். "ரெண்டாவது வீட்டுலயே பளீல் நானா பாத்துட்டாரு. கழட்டவான்னு கேட்டாரு. இருக்கட்டும்னுட்டேன்."

அன்று முழுக்க அதைச் சுமந்துகொண்டே நடந்திருக்கிறார், ஷிராணி. வீட்டுப் படி ஏறும் முன்புதான் உரித்தாராம்.

மாமா யாருக்குப் போட்டார் என்று கேள். பதில் எதுவானாலும் எழுது.

தர்ஷிகா


நாவலப்பிட்டி
நவம்பர் 24, ஞாயிறு

அன்புள்ள தர்ஷிகா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன். "எனக்கு மட்டும்தான் போட்டேன்" என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பொதியை இழுத்தார். இங்கே கொடுக்கச் சொல்லி உன் அப்பா அனுப்பிய பதினொன்றாம் இலக்க ஸ்டிக்கர்கள். கட்டிய நூலே அவிழவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு ஸ்டிக்கரை என் கையில் கொடுத்தார்.

"முதுகுல எனக்கு எட்டாது. நீ ஒட்டு."

"தேர்தல் முடிஞ்சிருச்சேப்பா."

"தெரியும். ஒட்டு."

ஒட்டிவிட்டேன். அம்மா ஒன்றும் கேட்காமல் மிச்சப் பழத்தையும் எடுத்து ஊறப்போடுகிறார்.

இந்தக் கடிதத்தை சதீஸ் அண்ணனிடம் கொடுக்கவில்லை. கொண்டு வருபவர் உங்கள் வாசலில் எதுவும் பேச வராமல் நிற்பார். உன் அப்பாவைக் கூப்பிடு. வந்தவரைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்.

உன்
ஷிராணி