படலைக்கு வராத வளையம்

இஞ்சாருங்கோ, மூன்று நாளாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறேன், கையில் இருந்து எஞ்சின் ஒயில் மணம் போகவில்லை. நீங்கள் இருந்த காலத்தில் இந்த மணத்துக்கு மூக்கைச் சுளிப்பேன். இப்போது திரும்பத் திரும்ப மணந்து பார்க்கிறேன். உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்கு அடங்காது. ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை இருக்கும். இந்தக் கடிதமே உங்கள் பிழையைப் பற்றியதுதான்.

எங்கள் நடுவில் மகளின் மகள் கலியாண வாடகை ஓட்டத்துக்கு என்று பெரிய ஜேர்மன் கார் ஒன்று வாங்கியிருக்கிறாள். கறுப்பு. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். போன சனிக்கிழமை காலை அதன் முன் சில்லுகளை இரண்டு சரிவுப் பலகையில் ஏற்றிவிட்டு, பாயை விரித்து ஒயில் மாற்றக் கீழே நுழைந்துவிட்டாள்.

"இவ்வளவு பெரிய காரை ஒரு கராச்சில குடுத்தா என்ன மோனை?"

"அவங்கள் மாத்தினாங்களோ இல்லையோ ஆருக்குத் தெரியும் அம்மம்மா? என்ர கார். நான்தான் மாத்துவன்."

உங்கள் கதை. அப்படியே உங்கள் வாயில் இருந்து வந்த கதை. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அடியில் பூட்டியிருந்த தகட்டைக் கழற்றினாள், ஆணியைத் திறந்தாள், ஒயில் வடிந்தது, வடிந்தது, நிற்கவே இல்லை. எட்டு லீற்றராம். புதிதை ஊற்றுமுன் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், "கம்பியை இழுத்துத் துடைச்சு வையடி."

"இதில கம்பி இல்லை."

"என்ன?"

"ஒயில் பாக்கிற கம்பியே வைக்கேல்லை. எவ்வளவு நிக்குது எண்டு கார் தானே சொல்லும்."

நீங்கள் அந்தக் கம்பியை விடியவும் பின்னேரமும் இழுத்துத் துணியில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பீர்கள். கம்பி இல்லாத காருக்குள் பெண் மாப்பிள்ளையை ஏற்றுகிறார்களா என்று திகைத்துப் போனேன். அன்றைய அதிர்ச்சி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அவள் வடிகட்டியின் மூடியைத் திறந்தாள். அதில் ஒட்டியிருந்த பழைய றப்பர் வளையத்தைக் கிண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதை வெளியில எடுத்துக் கண்ணால பாக்காமப் புதுசைப் போடக்கூடாது அம்மம்மா."

"போட்டால்?"

"ஒண்டுக்கு மேல ஒண்டு ரெண்டு வளையம் இருந்தா இறுகாது. நிக்கேக்க ஒண்டும் தெரியாது. ஓடத் தொடங்கினாப் பிறகு ஒயில் முழுக்கப் பீச்சிக்கொண்டு போயிடும். எஞ்சின் அதோட முடிஞ்சுது."

வளையத்தைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு வளையமோ, ரெண்டு வளையமோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீங்கள் சம்மாட்டியாரின் காரை ஓட்டிய காலம். நாலு வள்ளமும் கருவாட்டு வாடியும் வைத்திருந்த மனிதர், தீவில் வேறு எவரிடமும் இல்லாத கார். கொழும்புக்குக் கொண்டுபோய் ஒயில் மாற்று என்று அவர் சொல்ல, "என்ர கை இருக்கேக்க இன்னொருத்தன் தொடுறதோ" என்றீர்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் பழைய வளையத்தை எனக்குக் கொண்டுவருவீர்கள். படலையையும் வேலிக்கம்பையும் சேர்த்து அதால் மாட்டி வைப்பேன். சம்மாட்டியார் மகளின் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரமும் ஒயில் மாற்றிவிட்டு வந்தீர்கள். வெறும் கை. "எங்க வளையம்? படலையில இருந்தது அறுந்துபோச்சு" என்றேன். "எங்கையோ விழுந்திட்டுதாக்கும்" என்றீர்கள். அன்று இரவே ஆடு புகுந்து என் முருங்கைக் கன்று மூன்றையும் தின்றது. நாற்பத்தைந்து வருடமாக அந்த மூன்று கன்றும் எனக்கு நினைவு. வளையமும் அதனால்தான் நினைவு.

மடுக் கோயிலுக்கு மணவாட்டியை ஏற்றிக்கொண்டு போன கார் உயிலங்குளம் தாண்டி நின்றது. வந்த வழி நெடுக றோட்டில் ஒயில் கோடு. பின்னால் வந்த கருவாட்டு லொறியில் கூறைச்சீலையோடு ஏறித்தான் அந்தப் பிள்ளை கோயிலுக்குப் போனாள். சம்மாட்டியார் உங்களை வேலையால் நிற்பாட்டினார்.

நான் விட்டேனா? அவருடைய மகன் முதல்நாள் களவாக ஓடிப் பழகிக் காரின் அடியைக் கல்லில் அடித்துவிட்டான், பழியை உங்கள் தலையில் போட்டார்கள் என்று நானே கதை கட்டினேன். கிணற்றடியில் சொன்னேன், கோயிலடியில் சொன்னேன். மணவாட்டி லொறியில் போனதை "நல்லா வேணும்" என்றேன். அந்தப் பெடியனுக்குப் பேசி வந்த சம்பந்தம் ஒன்றை என் வாய்தான் குழப்பியது. நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். "விடப்பா, அவனைப் பேசாதை" என்று மட்டும் சொல்வீர்கள். உங்கள் நல்ல மனம் என்று நினைத்தேன். நாட்டில் போர் வந்து வள்ளத்தில் கடல் கடந்து அக்கரைக்குப் போனபோது சட்டி பானையை விட்டுவிட்டு அந்தக் கோபத்தைக் கொண்டுபோனேன். அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் சம்மாட்டியார் பெண்சாதிக்குப் பின்னால் நிற்க மனமில்லாமல் வெறும் குடத்தோடு திரும்பினேன். ஆறு வருடத்துக்கு முன் உங்கள் செத்த வீட்டுக்கு அவ வந்தபோதும் முகத்தைத் திருப்பினேன்.

சனிக்கிழமை பின்னேரமே சம்மாட்டியார் வீடு இருக்கிற கீரிக்கு நடந்தேன். படலையைத் திறந்தது அந்த மகன்தான். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனான். பிறகு கதிரை கொண்டுவந்து வைத்தான். தாய் கட்டிலில் சாய்ந்து இருந்தா. கண் மங்கல், காது நல்ல கூர்மை.

"ஆர், நீயோ பிள்ளை? ஆரும் செத்துப்போச்சோ?"

"இல்லை அம்மா. பிழை எங்கட ஆளிலதான். இண்டைக்குத்தான் தெரிஞ்சது."

"எங்களுக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. "உன்ர மனிசன் கலியாணச் சாப்பாடு முடியிறதுக்கு முந்தியே வந்து எங்கட இவரிட்டைச் சொன்னவர். பழைய வளையத்தைப் பாக்காம விட்டிட்டன் எண்டு அழுதவர். வேலையால நிப்பாட்டுங்கோ ஐயா, ஆனா என்ர மனிசிக்குத் தெரியவேண்டாம் எண்டு கேட்டவர்."

"ஏன் அம்மா?"

"அவள் ஒருத்தரையும் மன்னிக்கிறவள் இல்லை, என்னையும் மன்னிக்கமாட்டாள் எண்டார். இவர் சொல்லுறேல்லை எண்டு வாக்குக் குடுத்திட்டார். நாங்களும் வாயைத் திறக்கேல்லை. பழி சுமந்த இவன்தான் பாவம்."

தேத்தண்ணி வந்தது, குடித்தேனா என்று தெரியவில்லை. எல்லாம் மறக்காத எனக்கு அது மட்டும் நினைவில் இல்லை.

இருட்டுப்படப் போகிறது என்று மகன் மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்தான். "பின்னால இருப்பீங்களோ மாமி? நான் கொண்டுபோய் விடுறன்."

மாமி என்றான். நான் ஏறி அவன் தோளைப் பிடித்தேன். "தம்பி, கோயிலடியால விடு."

"அது சுத்து எல்லோ?"

"சுத்தட்டும்."

செபமாலை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நிற்பாட்டச் சொல்லி, இறங்காமலே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "அந்தக் கார் பழுதானது என்ர மனிசன்ர பிழையால. இந்தப் பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. நான்தான் பொய் கட்டினனான்." அவன் முதுகு குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

என்னோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, அவ்வளவு காலமும் எனக்குப் பயந்து இருந்திருக்கிறீர்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேனா என்று மூன்று நாளாக என்னையே கேட்கிறேன். மாட்டேன். நீங்கள் என்னைச் சரியாகத்தான் அறிந்திருந்தீர்கள்.