கையை விட்ட இடம்

ஜூன் 6, வெள்ளி
காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது. கொழுந்தனார் கல்யாணம் முடிந்தும் அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மண்டபத்தில் பெரிய எல்இடி திரை. மாப்பிள்ளை, பொண்ணு படங்களுக்கு நடுவே திடீரென்று நான். போன மாதம் குடும்பத்தோடு பனிச்சறுக்கு விளையாட ஐஸ் ரிங்க் போனபோது விழுந்தது. சுடிதார் இடுப்புக்கு ஏற, எழப் பார்த்து மறுபடி விழுந்து, கம்பியைப் பிடிக்கத் தவழ்ந்து... பின்னால் குத்துப்பாட்டு வேறு. மண்டபமே சிரித்தது. என் வீட்டுக்காரரும்தான். நாத்தனார் நர்மதா போனில் எடுத்த வீடியோ அது. முதல் வரிசையில் உட்கார்ந்து கை வேறு தட்டினாள்.

இருடி.

ஜூன் 8, ஞாயிறு
அதே ரிங்கில், தொடக்கநிலை சறுக்கு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் யோகா என்று சொல்லியிருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

மாஸ்டர் பெயர் ஜோஸ்வா. "முதல்ல விழக் கத்துக்கோங்க்கா. முட்டியை மடக்கிப் பக்கவாட்டுல விழோணும். கையை மட்டும் ஊனிராதீங்க."

"விழறது எனக்கு நல்லாவே வருமுங்க" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஏனோ அது சுடவில்லை.

ஜூன் 15
இடுப்பெல்லாம் ரத்தம் கட்டிக் கிடக்கிறது. "யோகால இப்பிடியா ஆவும்?" என்றார் இவர். ஆவும் என்றேன்.

ஜூன் 22
பயந்து நின்ற ஒரு சிறுமியின் இரண்டு கையையும் பிடித்து, தான் பின்னோக்கிப் போனபடியே ஜோஸ்வா அவளை நடுத்தளத்துக்குக் கூட்டிப்போனார். அவள் காலைக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த நடுவில் கையை விட்டால்?

எனக்கு அதைக் கற்றுத்தரச் சொன்னேன். "அதெல்லாம் அப்பறமுங்க்கா. என்ன அவசரம்?"

அவசரம்தான்.

ஜூலை 6
பின்னோக்கிப் போய்விட்டேன்! குதிகாலை வெளியே தள்ளி உள்ளே இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் நர்மதா முகம். "ரசிச்சுப் பண்றீங்க்கா" என்றார் ஜோஸ்வா.

ஜூலை 12, சனி
நாளைக்கு ரிங்குக்கு வரச்சொல்லி நர்மதாவைக் கூப்பிட்டேன். வருகிறாளாம். "அண்ணனையும் கூட்டிட்டு வாங்கண்ணி, வீடியோ எடுக்கட்டும்."

எடுக்கட்டுமே.

ஜூலை 13
நான் பனியில் போவதைப் பார்த்து இவர் வாயைத் திறந்தபடி நின்றார். நர்மதாவின் கைகளைப் பிடித்தேன். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. நடுத்தளம் வந்ததும் கையை விட்டுவிட்டுத் தள்ளிப் போனேன்.

"அண்ணி, உட்டுப்போட்டுப் போயிராதீங்க... அண்ணி!"

பார்த்துக்கொண்டே நின்றேன். விழுந்தாள், கையை ஊன்றி. கையை ஊன்றக் கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயிறு குளிர்ந்தது.

அப்போது கம்பியோரத்திலிருந்து இவர் சத்தம்: "நர்மதா, இன்னொருக்கா உழு! சரியா உழுகல!" போனை நீட்டிப் பிடித்தபடி அப்படி ஒரு சிரிப்பு.

அவள் எழவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். "மண்டபத்துல நடந்ததுக்குத்தானே இது? நான் எடுத்தது நெசந்தானுங்கண்ணி. கை தட்டுனதும் நெசம். ஆனா அண்ணனுக்கு மட்டுந்தான் அனுப்புனேன். திரையில போடச் சொல்லிக் குடுத்தது அண்ணன்."

தூக்கிவிட்டேன். இரக்கத்தில் இல்லை. அதை இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

ஜூலை 14
இவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன்.

"அட, ஒரு ஜாலிக்குப் புள்ள. இன்னுமா அதையே புடிச்சுத் தொங்கற? சட்னி போடு."

நான் பைத்தியக்காரி மாதிரி ஒன்றரை மாதம் யார் மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்?

ஜூலை 16
நர்மதா விழுந்த வீடியோவை இவர் உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அவளுடைய மாமனாரும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு
வகுப்புக்கு நர்மதா வந்திருந்தாள், கையில் கட்டோடு. "எனக்கும் கத்துக்கோணுமுங்கண்ணி."

மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். "கட்டு அவுக்கற வரைக்கும் உக்காந்து பாரு" என்றேன். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

முடிந்து நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்து ஓய்ந்தது. உடனே அவள் போன். மறுபடி என்னுடையது. இன்று அடுப்பைப் பற்றவைக்காமலே வந்திருந்தேன்.

"யாருங்க்கா, விடாம அடிக்குது?" என்றார் ஜோஸ்வா.

நர்மதா என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு போனையும் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரிஞ்சவருதானுங்க" என்றாள்.