கொம்பியூட்டருக்குச் சூடு பார்த்த நாள்

மச்சான்,

இன்று மருமகனின் கடைக்குப் போனேன். புதுக் கொம்பியூட்டர் ஒன்றை மூச்சுமுட்ட வேலை வாங்கி, சூடு தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெந்த தூசியின் மணம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. "துறைமுகத்துக்கு வந்த முதல் கொம்பியூட்டருக்கே சூடு பார்த்த ஆள் நான்" என்றேன். சிரித்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் சொன்னால் யார் நம்புவார்?

நீதான் சாட்சி. அலுமாரி அளவு, நான் சொல்லும்போது யானை அளவு, அது எங்கள் துறைமுகக் கந்தோரில், அதுதான் அலுவலகத்தில், வந்திறங்கியது. நீ அதை ஓட்டுபவன். நான் கரண்ட் வேலைக்காரன், என்னைக் கண்டால் மின்னலே ஒதுங்கும். கடல் உப்பில் ஏசி அடிக்கடி படுத்துவிடும் ஊர். ஆகவே ஏசியை நிறுத்திவிட்டு, ஒரே கணக்கைப் பகல் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாய். விடை மாறாவிட்டால் மெஷின் இங்கே நிற்கும், நீயும் நிற்பாய். மாறினால் அதுவும் நீயும் கொழும்புக்கு. வீட்டில் உன் மனைவிக்கு நிறைமாதம்.

மத்தியானம் தகரக் கூரை கொதித்தது. நான் சும்மா இருப்பேனா? மீன் வாடியிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து காற்றாடிக்கு முன்னால் அடுக்கினேன். விடை அசையவில்லை. மனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, சூரை மீன் நாத்தம் அடிக்குது?"

"கடல் காத்து, ஐயா."

நீ சிரிக்கவில்லை. "மச்சான், இது மெஷினுக்கு வைச்ச சோதினை இல்லை, ஐசுக்கு வைச்ச சோதினை. வெளியால தள்ளு."

"விசரே உனக்கு? பிள்ளை பிறக்கிற நேரம் கொழும்பில கிடக்கப் போறியே?"

"நாளைக்குக் கப்பல் சாமான் கணக்குப் பிழைச்சா ஆர் பதில் சொல்லுறது? பொய் சொல்ல ஏலாது."

ஐசை நீயே வெளியே தள்ளினாய். சற்றைக்கெல்லாம் விடை மாறியது. மெஷின் லொறியில் போனது, பின்னால் நீ. மகள் பிறந்து ஒரு தடவைதான் வந்து தூக்கினாய். பிறகு, கொழும்பில் நம் தமிழரின் வீடுகளை எரித்த அந்த எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம். நீ திரும்பவில்லை.

நீ செய்தது சரிதான். அதுதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. பிழை என்றால் உன்னைத் திட்டிவிட்டாவது படுப்பேன்.

ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்த மெஷின் பொழுதுபடும்வரை விடை மாறாமல் நின்றது என்றுதான் முடிக்கிறேன். அப்படிச் சொன்னால் நீ கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.