ஒரு கருப்புக் கோலி

செயின்ட் லூயிஸ், 9 நவம்பர் 1951

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று நம் சட்ட மாணவர் சங்கத்தில் என் வகுப்புத் தோழன் இர்வினைச் சேர்க்க வாக்கெடுப்பு நடந்தது. வேண்டும் என்பவர்கள் வெள்ளைக் கோலியும் வேண்டாம் என்பவர்கள் கருப்புக் கோலியும் போடும் பெட்டிக்குள் ஒரேயொரு கருப்புக் கோலி விழுந்தாலும் இடமில்லை. ஒன்று விழுந்திருந்தது.

"யூதப் பையன்தானே, விடுடா," என்று தலைவன் டுவைட் சிரித்தான்.

"போட்டவன் எழுந்து காரணம் சொல்லட்டும்," என்றேன்.

"உக்காருடா! நாளைக்கு உனக்கு வேலை தரப்போறதே நம்ம சங்கத்து வக்கீலுங்கதான்!" என்று டுவைட் கத்தினான்.

யாரும் எழவில்லை. சட்டையில் குத்தியிருந்த சங்கச் சின்னத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினேன். அது நீங்கள் படித்த காலத்தில் அணிந்தது என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சங்க விடுதியையும் காலி செய்துவிட்டேன்; கவலைப்படாதீர்கள், வேறு அறை கிடைத்துவிட்டது. கொஞ்சம் குளிர்கிறது, கம்பளியை உறையின் மேல் உள்ள புது முகவரிக்கு அனுப்புங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கோபமாகவேனும் ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

மகன்,
மெர்ல்