என்னைக் கூட்டிட்டுப் போகாத பனிமலை

என் அன்பான சுஜி அப்பாவுக்கு,

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல இந்த வருஷமும் மார்கழிக் குளிர் இறங்கிருச்சு. காலையில மலைக்குப் போனா விரல் விறைச்சுப் போய்க் கொழுந்து எடுக்க வர மாட்டேங்குது. நீங்க இருந்திருந்தா, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கிட்டே "இதெல்லாம் ஒரு குளிரா?"ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. அந்தப் பேச்சு இல்லாத முதல் மார்கழி இது. நிம்மதியா இருக்குன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியல.

இருக்கும்போது கேட்காததை இப்ப கேட்கிறேன். டுபாய் ஹோட்டல்ல வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வராம, உங்களோட சமையல்கட்டுல நின்ன ரமீஸ் நானாவைச் சேர்த்துக்கிட்டு ஜோர்ஜியாவுக்குப் போனீங்களே, அது ஏன்? முதுகுல பையை மாட்டிக்கிட்டு, பனி கொட்டுற மலையில ஊர் ஊரா நடந்தீங்க. அங்கேயிருந்து போறது லேசு, இப்ப விட்டா எப்ப பார்க்கிறதுன்னு சொன்னீங்க. சரி. நான் எப்ப பார்க்கிறது?

போன்ல காட்டினீங்க. முழங்கால் வரைக்கும் வெள்ளை. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி விழுந்து எழும்பிச் சிரிச்சீங்க. நான் அப்பத்தான் மழையில நனைஞ்சு வந்து, லயத்து வீட்டு வாசல்ல உட்கார்ந்து கால்ல ஏறின அட்டையைப் பிடுங்கிக்கிட்டு இருந்தேன். அழகா இருக்குன்னு சொன்னேன். அப்படிச் சொல்லும்போது என் வயிறு எரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?

ஊருக்கு வந்த பிறகும் அது தீரல. பதுளை டவுன்ல கடை போட்டுட்டு ரமீஸ் நானா ஞாயிற்றுக்கிழமைகள்ல வருவார். வாசல்ல நின்னு "கமர்ஜோபா"ன்னு சொல்லுவார். நீங்களும் அதையே சொல்லுவீங்க. உடனே ரெண்டு பேருக்கும் சிரிப்பு. என்னங்க அதுன்னு கேட்டா, அந்த ஊர் வணக்கம்னு சொல்லுவீங்க. வணக்கத்துல சிரிக்க என்ன இருக்கு? உங்க வாயில 'நாங்க'ன்னு வந்தா அது நீங்களும் அவரும்தான். நான் எப்பவும் 'வீட்டுல'.

பசறை டவுன்ல த்ரீவீல் ஆட்டோவுக்குள்ளேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சாய்ஞ்ச அன்னைக்கும் முதல்ல ஓடி வந்தது அவர்தான். மறுநாள் பெட்டிக்குப் பக்கத்துல குனிஞ்சு, உங்க காதுகிட்ட அந்த வணக்கத்தை மெதுவாச் சொன்னார். பார்த்த சனம் எல்லாம் உடைஞ்சு அழுதுச்சு. எனக்கு அழுகை நின்னு போச்சு. இதையும் அவரே எடுத்துக்கிட்டாரேன்னு இருந்துச்சு.

அவர் சம்சாரம் பரீதாவை உங்களுக்குத் தெரியும், வந்தா வாசலோட நின்னுட்டுப் போற பொண்ணு. நீங்க போன பிறகு அடிக்கடி வந்து எனக்குத் துணையா இருந்தா. ஒருநாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே, நிமிர்ந்து பார்க்காமச் சொன்னா.

"கோவிக்காதீங்க அக்கா. உங்க வீட்டுக்காரரைக் கண்டாலே எனக்கு எரிச்சலா இருக்கும்."

காத்துக் கிடந்து புருஷன் வீடு வந்தா, வாயைத் திறந்தா உங்க பேரும் அந்த மலையும்தானாம். எனக்குக் கோபம் வந்திருக்கணும். சிரிப்பு வந்துச்சு. உங்களைக் கொண்டு போனதுக்கு அப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான். எனக்கும் உன் வீட்டுக்காரர் மேல அப்படித்தான்னு அவகிட்ட சொன்னேன். நாமளும் எங்கேயாவது போவோம்னு முதல்ல சொன்னது அவளா நானான்னு இப்ப ஞாபகம் இல்ல.

போன வாரம் போனோம். உங்க பெரிய பையை நான் எடுத்துக்கிட்டேன். புருஷன் போய் வருஷம் திரும்பல, மூட்டையைக் கட்டிட்டான்னு லயத்துல பேச்சு. கொழும்புல இருந்து சுஜி மட்டும் போன் எடுத்து, கால் உறை மறக்காதீங்க அம்மான்னு சொன்னா.

பதுளையில ரயில் ஏறி இதல்கஸ்ஹின்னையில இறங்கினோம். அங்கேயிருந்து தோட்டத்து ரோட்டால ஹல்துமுல்லைக்கு நடை. பரீதா சாச்சின்னு கூப்பிடுற அவ சின்னம்மா வீடு அங்கதான். மூடுபனி அப்படி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. தொலைஞ்சிடுவேன்னு பரீதா என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. மழை வந்ததும் கொழுந்து நிறுக்கிற ஒரு மடுவத்துல ஒதுங்கி, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். அவ சால்வையை விரிச்சுத் தொழுதா. நான் பைகளுக்குக் காவல் இருந்தேன்.

பிறகு ஒரு வளைவுல திடீர்னு மூடம் விலகிருச்சு. கீழே பள்ளத்து நாடு முழுக்கத் தெரிஞ்சுச்சு. காடு, வெயில்ல மின்னுற குளங்கள், அதுக்கும் அந்தப் பக்கம் கடலா வானமான்னு தெரியாத ஒரு கோடு. "இதுவும் நம்ம நாடுதானா அக்கா?"ன்னு பரீதா கேட்டா. இறங்குற வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும்தான். என்ன பேசினோம்னு கேட்காதீங்க.

பொழுது சாயும்போது சாச்சி சுடுதண்ணி வச்சுக் கொடுத்தாங்க. அதுல காலை வச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் பகீர்னுச்சு. அன்னைக்கு முழுக்க உங்க நினைப்பே வரல. ஒரு தரம்கூட வரல. அழுதேன். கால் வலியாக்கும்னு சாச்சி தைலம் கொண்டு வந்தாங்க.

அந்தப் பனியில நீங்களும் என்னை நினைச்சிருக்க மாட்டீங்க. அது என்னை வேண்டாம்னு ஒதுக்கினது இல்லன்னு இப்பதான் விளங்குது. ஆனாலும் எரிச்சல் முழுசாப் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது மூடுபனிதானே. நீங்க பார்த்ததை நான் பார்க்கலையே.

தை பிறந்து மழை விட்டதும் நானும் பரீதாவும் நமுனுகுலை மலையில ஏறப்போறோம். காலம் பூரா நம்ம தலைக்கு மேல நிக்குது, நீங்க ஒரு நாளும் ஏறினதில்ல. அந்த இடத்துக்காவது உங்களுக்கு முந்தி நான் போறேன். உச்சியில நின்னு, உயிரோட இருந்தப்ப ஒரு தரம்கூடக் கூப்பிடாத உங்க பேரை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் பொறாமை தீராத உங்கள் மனைவி,
சுஜி அம்மா